தூக்கிய ரோட்டாவேட்டர் இறங்கவில்லை

கல்லிடைக்குறிச்சி
11.11.2024

அன்புள்ள சம்பந்தி வளன் அவர்களுக்கு வேதமுத்து எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், சாரம்மாள், இரண்டு பசுமாடுகள் எல்லாரும் சுகம். டிராக்டர் மட்டும் சுகமில்லை.

போன் பண்ணாமல் ஏன் தபாலில் வருகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். என் மகளும் உங்கள் மருமகளுமாகிய ரீபா போட்ட சட்டம் அது. "நீங்க ரெண்டு பேரும் போன்ல கத்துற கத்துல என் காது போவுது. இனிமே எழுதுங்க. எழுதுனா ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்ட முடியாதுல்லா" என்றாள். அவள் எம்.ஏ. படித்தவள். நான் ஒன்பதாம் வகுப்பையே இரண்டு வருஷம் படித்தவன். கேட்டுக்கொண்டேன். உங்கள் கண்ணாடி உடைந்து கிடப்பதால் இதையும் அவள்தான் உங்களுக்கு வாசிக்கப் போகிறாள். ஆகவே மரியாதையாகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உங்களிடம் வாங்கிய சின்ன டிராக்டர் முன்னால் நன்றாகப் போகிறது, பின்னால் ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கத்து இரண்டு கைகளிலும் சேற்றைக் கிளறுகிற ரோட்டாவேட்டரை மாட்டி லிஃப்ட் லீவரை மேலே தள்ளினால், ஒரு முக்கல், ஒரு முனகல், ஒரு சாண் உயரம். அவ்வளவுதான். பிறகு பைய இறங்கி மறுபடியும் சேற்றில் உட்கார்ந்துகொள்கிறது. ரோட்டாவேட்டரைத் தூக்காமல் வரப்போரத்தில் வண்டியைத் திருப்ப முடியுமா? நேற்று திருப்பிப் பார்த்தேன். பக்கத்து வயல் நேசையாவின் வரப்பில் இரண்டு முழம் இப்போது என் வயலில் கிடக்கிறது.

போனில் நீங்கள் "லிஃப்ட் என் கையில பிரமாதமா இருந்துது. ஓட்டுற ஆளைப் பாக்கணும்" என்றீர்கள். ஓட்டுகிற ஆளை நான் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவனைப் பற்றி எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் லீவரை மேலே தள்ள எவ்வளவு படிப்பு வேண்டும்?

நாற்றுப் பாவி இன்றோடு பதினாலு நாள். முப்பது நாளுக்குள் நடவேண்டும், தாண்டினால் நாற்று முற்றிவிடும். என் வயல் வாழைத் தோட்டத்துக்கு உள்ளே இருக்கிறது, பெரிய வண்டி நுழையாது என்றுதானே உங்கள் சின்ன வண்டியை வாங்கினேன். வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேதமுத்து


பெருமணல்
13.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

நான் சொல்லச் சொல்ல ரீபா எழுதுகிறாள். சொன்னதில் பாதியை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதின பாதி இது.

மூன்று வருஷம் இந்தக் கடற்கரையில் எத்தனை வள்ளத்தை மணலுக்கு இழுத்துப் போட்ட வண்டி அது. ஒரு நாள் மூச்சு வாங்கியதில்லை. உங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் முனகுகிறது என்றால் நான் என்ன நினைக்க? (இங்கே ஒரு வரியை ரீபா விட்டுவிட்டாள்.)

முதலில் ஆயிலைப் பாருங்கள். அந்த வண்டியில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். சமதரையில் நிறுத்தி, கைகளைக் கீழே இறக்கிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற அளவுகோலை உருவித் துடைத்துப் பாருங்கள். அளவு குறைந்தாலும் தூக்காது. அளவு சரியாக இருந்தால் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர். வள்ளத்து இன்ஜினிலும் அதேதான், வேதமொன்றும் வேறில்லை.

வெளுத்திருந்தால் முழுவதும் வடித்துவிடுங்கள். அடியில் ஒரு சல்லடை உண்டு, அதைக் கழற்றி டீசலில் கழுவுங்கள். பம்புக்குப் போகிற குழாயின் கிளிப்பை இறுக்குங்கள், காற்றை இழுத்தாலும் முனகும். புது ஆயில் ஊற்றின பிறகு ஒரு பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள், உள்ளே அடைபட்ட காற்று போகும். கண்ட ஆயிலை ஊற்றாதீர்கள். கடையில் வண்டியின் பெயரைச் சொல்லி, லிஃப்டுக்கும் சேர்ந்த ஆயில் என்று கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் சின்ன வேலை. இதற்கா அந்தச் சத்தம்?

வளன்


கல்லிடைக்குறிச்சி
15.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

ஆயிலை வடித்தேன். வடித்ததைச் சாரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குப் போட்ட காபி?" என்று கேட்டாள். பதினாறு லிட்டர் காபி, சம்பந்தி. சல்லடையைக் கழற்றினால் அதில் மணல். நம் ஆற்று மணல் இல்லை, பொடி மணல். மணலுக்கு நடுவே மினுமினுவென்று ஒரு சாமான். விரல் நுனியில் எடுத்து வெயிலில் காட்டினேன். மீன் செதில்.

லிஃப்ட் சல்லடைக்குள் செதில் எப்படிப் போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அந்த மீன் உள்ளே போய் எவ்வளவு நாள் உயிரோடு இருந்தது என்றும் கேட்கவில்லை. செதிலைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னபடியே கழுவி, கிளிப்பை இறுக்கி, புது ஆயில் ஊற்றி, பத்துத் தடவை ஏற்றி இறக்கினேன். பத்துத் தடவையும் ரோட்டாவேட்டர் சடாரென்று ஏறியது, பதமாக இறங்கியது. பதினோராவது தடவை சும்மா எனக்காக ஏற்றி இறக்கினேன். இந்த வயதில் இப்படிச் சந்தோஷப்பட்டு ரொம்ப நாளாகிறது. நீங்கள் கெட்டிக்காரர். இதை ரீபா இரண்டு தடவை வாசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை ஐயர் வந்து வண்டியைப் பிரதிஷ்டை பண்ணி ஜெபிக்கிறார். வாங்கிய புதிதிலேயே செய்திருக்க வேண்டும், தூக்காத வண்டிக்கு எந்த முகத்தோடு ஐயரைக் கூப்பிட? இப்போது கூப்பிட்டுவிட்டேன். தகரத்தில் வசனப் பலகை ஒன்று எழுதி வாங்கியிருக்கிறேன், மஞ்சளில் சிவப்பு எழுத்து. நாளைக்கு மாட்டுகிறேன். இன்ஜின் மூடியில் மாட்டினால் சூட்டில் பெயின்ட் உரியும். சீட்டுக்கு முன்னால், இரண்டு காலுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. திங்கள்கிழமை உழவு.

வேதமுத்து


பெருமணல்
16.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. ரீபா இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை நானே வாசிக்கச் சொன்னேன்.

நான் அப்போதே சொன்னேன், வண்டியில் குறை இல்லை என்று. மீன் செதிலுக்காக ஒரு கடிதமா? என் வீட்டுச் சோற்றிலும் செதில் இருக்கும், பாட்டுப் புத்தகத்திலும் இருக்கும். கடற்கரையில் வாழ்கிறவனிடம் மல்லிகைப் பூவா ஒட்டும்?

நன்றாக உழுங்கள். இனிமேல் வண்டியில் எதுவானாலும் முதலில் என்னைக் கேளுங்கள், பிறகு கை வையுங்கள்.

வளன்


கல்லிடைக்குறிச்சி
18.11.2024

சம்பந்தி,

உங்கள் வெற்றிக் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. வந்தபோது நான் வண்டிக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று ஐயர் வந்தார். சபையார் பாதிப் பேர் வந்தார்கள். எல்லாரும் பார்க்கட்டுமே என்று ரோட்டாவேட்டரை உச்சிக்கு ஏற்றி நிறுத்தினேன். ஜெபம் முடிந்தது, ஆமென் சொன்னோம், கேசரி சாப்பிட்டோம். அதன் பிறகு லீவரைக் கீழே தள்ளினேன். இறங்கவில்லை. மறுபடியும் தள்ளினேன். இன்ஜினை அணைத்துத் தள்ளினேன், ஓடவிட்டுத் தள்ளினேன். இறங்கவில்லை. போன வாரம் ஏறாமல் என்னைக் கொன்றது, இந்த வாரம் இறங்காமல் கொல்கிறது.

ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? நேசையா இன்றைக்கு மட்டும் மூன்று முறை வந்துவிட்டான். "வேதமுத்து அண்ணாச்சி, ஐயர் அப்பமே போயிட்டாவ. உம்ம வண்டி இன்னும் கையைத் தூக்கிக்கிட்டு ஜெபம் பண்ணுதே. ஆமென் சொல்லி விடும் வே" என்கிறான். அவன் வரப்பை உடைத்தவன் நான்.

மெக்கானிக் இர்ஷாத்தைக் கூட்டிவந்தேன். நல்ல பையன், சுற்றிப் பார்த்துவிட்டு, சீட்டைக் கழற்றி மேல்மூடியைப் பிரித்து வால்வைப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே கடையில் அறுவடை வண்டிகள் இரண்டு பிரித்துப் போட்டுக் கிடக்கின்றன, பத்து நாளாகும் அண்ணாச்சி என்றான். நாற்றுக்கு இன்று இருபத்தொரு நாள். பத்து நாள் கழித்து நான் மாட்டுக்குத்தான் வெட்டிப் போட வேண்டும்.

அதனால்தான் நானே அடியில் படுத்து, எங்காவது கம்பி கிம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. சட்டையில் கிரீஸ். அதற்குச் சாரம்மாள் தனியாகப் பேசினாள்.

வேதமுத்து


பெருமணல்
20.11.2024

சம்பந்தி,

மற்றதெல்லாம் பிறகு. தூக்கி நிற்கிற சாமானுக்கு அடியில் தலையைக் கொடுத்தீர்களா? உங்களுக்குப் புத்தி இருக்கிறதா? (ரீபா இதை அப்படியே எழுதுகிறாள். அவளே சொன்னது என்றும் வைத்துக்கொள்ளலாம்.) அந்த ரோட்டாவேட்டரைத் தாங்கிக்கொண்டிருப்பது இரும்பு இல்லை, உள்ளே இருக்கிற ஆயில். எந்த நிமிஷமும் விடும். எங்கள் ஊரில் ஒருவர் தூக்கி வைத்த இன்ஜினுக்கு அடியில் ஸ்பானரைத் தேடினார். இப்போது இடது கையால்தான் சிலுவை போடுகிறார். இந்தக் கடிதத்தை வாசித்த உடனே போய், இரண்டு பனந்தடியை ரோட்டாவேட்டருக்கு அடியில் குறுக்கே போடுங்கள். கையால் தள்ளாதீர்கள், தூர நின்று கம்பால் தள்ளுங்கள். போட்டுவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

போட்டாயிற்றா?

சீட்டுக்கு முன்னால், கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருக்கிறது, திருகுகிற குமிழ். கைகள் எவ்வளவு வேகமாக இறங்கவேண்டும் என்பது அதில்தான். வலப்பக்கம் கடைசிவரை திருகினால் அடியோடு மூடிக்கொள்ளும். ஏறும், இறங்காது. இடப்பக்கம் திருகினால் திறக்கும். யாராவது தெரியாமல் திருகியிருப்பார்கள். திறந்துவிட்டால் வேலை முடிந்தது. மூடியைப் பிரிக்க வேண்டாம், இர்ஷாத்தும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இறங்கிய சாமான் ஞாயிற்றுக்கிழமை இறங்கவில்லை. நடுவில் சனிக்கிழமை நீங்கள் என்ன செய்தீர்கள்?

வளன்


கல்லிடைக்குறிச்சி
22.11.2024

சம்பந்தி,

பனந்தடி போட்டுவிட்டேன். சாரம்மாள் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக மிரட்டிப் போடவைத்தாள். அதற்கு நன்றி.

மற்றதற்கு நன்றி இல்லை. சனிக்கிழமை நான் ஒன்றும் செய்யவில்லை, வசனப் பலகை மாட்டினேன். வேதவசனம் வால்வை அடைக்குமா? சீட்டுக்கு முன்னால், பின்னால், அடியில், பக்கத்தில் எல்லா இடத்திலும் பார்த்தேன். இர்ஷாத்தையும் பார்க்கச் சொன்னேன். நேசையாகூடக் குனிந்து பார்த்தான். குமிழ் என்று ஒன்று இந்த வண்டியில் கிடையாது. நீங்கள் வேறு ஏதோ வண்டியை நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள், அல்லது வள்ளத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். இல்லாத குமிழை எந்தப் பக்கம் திருக?

எனக்கு அலுத்துவிட்டது. நான் சிரித்துப் பேசுகிறவன்தான், ஆனால் வயல் காலியாகக் கிடக்கும்போது சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. நாற்றுக்கு இருபத்தைந்து நாள். கால்வாயில் தண்ணீர் என் வயலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை காலையில் லாரி சொல்லியிருக்கிறேன். டிராக்டரைத் திருப்பி அனுப்புகிறேன். ரோட்டாவேட்டரைக் கழற்ற முடியாததால் அதுவும் கை தூக்கியபடியே வரும். வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ரீபா, இதை வாசிக்கும்போது அழாதே. இது வண்டி விஷயம்.

வேதமுத்து


பெருமணல்
23.11.2024

சம்பந்திக்கு,

இது ரீபா எழுதவில்லை. நானே எழுதுகிறேன். கண்ணாடி இல்லாததால் எழுத்து பெரிதாக இருக்கும், கோணலாகவும் இருக்கும். இன்றைக்குக் காலையில் உங்கள் கடிதத்தை வாசித்து முடித்து அவள் அடுப்படிக்குப் போனாள். அதன் பிறகு பேசவில்லை. அது வண்டி விஷயம் இல்லை, சம்பந்தி. வண்டி திரும்பி வந்தால் வண்டி மட்டும் திரும்பி வந்ததாக இருக்காது. இரண்டு வீட்டுக்கும் நடுவே அவள் நிற்கிறாள்.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் என் கையில் பிரமாதமாக இருந்தது என்றேனே, அது பொய். கடற்கரையில் அந்தக் கைகள் தொங்கினால் மணலைக் கொத்தும், கயிறு மாட்டும். அதனால் அவற்றைத் தூக்கிச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டேன். மூன்று வருஷமும் சங்கிலியில்தான் கிடந்தன. உங்களுக்கு வண்டியை ஏற்றிவிட்ட அன்று காலையில்தான் சங்கிலியை அவிழ்த்தேன். நான் ஒரு நாளும் அந்த லிஃப்டில் எதையும் ஏற்றியதும் இல்லை, இறக்கியதும் இல்லை. கடல் தண்ணீர் உள்ளே போனதும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கரையில் எல்லாரும் இன்ஜினுக்கு என்னைத்தான் கேட்பார்கள்.

ஆனால் குமிழ் உண்டு. எனக்கு விற்றவர் வாங்கிய அன்றே அதைத் தொட்டுக் காட்டினார். அது பொய் இல்லை.

வண்டியை அனுப்புவதானால் அனுப்புங்கள். வாங்கிக்கொள்கிறேன். ரீபாவிடம் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

வளன்


கல்லிடைக்குறிச்சி
26.11.2024

அன்புள்ள சம்பந்தி,

நேற்று காலை லாரி வந்து நின்றது. டிரைவர் பலகை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது சாரம்மாள் வீட்டுக்குள்ளிருந்து, "வண்டி போனா போவட்டும். வசனம் நம்ம வீட்டு வசனம். அதைக் கழட்டிட்டு அனுப்பும்" என்றாள். நியாயம்தானே. ஸ்பானரை எடுத்து இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். பலகை கையோடு வந்தது. பலகைக்குப் பின்னால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குச்சி என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது.

சம்பந்தி, அந்தக் குச்சியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை பலகையை மாட்டும்போது அது ஒட்டி உட்காரவில்லை. நடுவில் ஒரு கறுப்புச் சாமான் துருத்திக்கொண்டு நின்றது. வள்ளத்துக் கயிறு சுற்ற உங்கள் ஆட்கள் மாட்டிய ஏதோ ஒன்று என்று நினைத்தேன். கழற்றலாம் என்று குறட்டால் பிடித்துத் திருகினேன். வலப்பக்கம்தான் திரும்பியது. கடைசிவரை திருகினேன். நின்றுவிட்டது. பிறகு இழுத்தேன். தலை மட்டும் கழன்று கையோடு வந்தது. அதைப் பிஸ்கட் டின்னில், பழைய ஆணிகளோடு போட்டுவிட்டு, பலகையை மாட்டி, ஐயருக்குக் கேசரி கிண்டச் சொன்னேன்.

பிறகு, வண்டியில் குமிழே இல்லை என்று உங்களுக்குக் கடிதம் எழுதினேன். இர்ஷாத்தைக் குனிய வைத்தேன். நேசையாவைக் குனிய வைத்தேன். எல்லாரும் வசனத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

குச்சியைக் குறட்டால் இடப்பக்கம் திருகினேன். ரோட்டாவேட்டர் ஒரு பெருமூச்சு விட்டு, நீங்கள் போடச் சொன்ன பனந்தடி மேல் பைய வந்து உட்கார்ந்தது. லாரி டிரைவர், "ஏத்தவா வேண்டாமா அண்ணாச்சி?" என்றார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

நேற்று மதியத்திலிருந்து உழுகிறேன். இன்று தொழி உழவு முடிந்தது. நாளைக்கு நடவு, நாற்றுக்கு முப்பதாவது நாள். நேசையாவின் வரப்பையும் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கோணல் எழுத்துக் கடிதமும் நேற்றுதான் வந்தது. உழுது முடித்த பிறகு வாசித்தேன். நீங்கள் மூன்று வருஷம் லிஃப்டைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்துவிட்டு, பிரமாதம் என்றீர்கள். நான் குமிழைப் பிடுங்கி ஆணி டின்னில் போட்டுவிட்டு, குமிழே இல்லை என்றேன். இதில் யார் பெரியவர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நமக்குள் ஒரு ஒப்பந்தம். நீங்கள் குமிழை யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் சங்கிலியை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஊரில் எல்லாரிடமும், சம்பந்தி கடிதத்திலேயே வண்டியைச் சரிசெய்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட.

குமிழைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். பலகை இப்போது இடது மட்கார்டில் இருக்கிறது.

வேதமுத்து

முக்கியமான பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ரீபாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.


பெருமணல்
28.11.2024

சம்பந்தி அவர்களுக்கு,

நான் சொல்லச் சொல்ல ரீபா எழுதுகிறாள். இடையிடையே சிரிப்பதால் எழுத்து ஆடுகிறது, மன்னிக்கவும்.

வாசிக்கக் கூடாது என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதுகிற மனுஷரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அந்த வரி வந்தபோது அவள் குமிழையும் வாசித்து முடித்திருந்தாள், சங்கிலியையும் வாசித்து முடித்திருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரி தெரசா இருந்தாள். என் மகன் ஜோஷுவா இருந்தான். வலை பின்ன வந்த நாலு பேர் இருந்தார்கள். இனிமேல் இந்தக் கரையில் இன்ஜினைப் பற்றி என்னை யாரும் கேட்பார்கள் என்று தோன்றவில்லை. இன்று காலையிலேயே ஒருவன், "மாமா, சங்கிலி இருக்கா, ஒரு வேலை இருக்கு" என்று வந்து நின்றான்.

ரீபா நேற்றிலிருந்து பேசுகிறாள். கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறாள். போன் தடையை நீக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எழுதுங்கள், இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

பசையால் ஒட்டின குமிழ் நிற்காது. ஆயில் பட்டால் கழன்றுவிடும். குச்சியில் ஒரு சின்னத் துளை போட்டு ஆணி கோத்துக் கொடுக்க வேண்டும். உங்களைத் துளை போட விட மாட்டேன். குறட்டை எடுத்து ஒளித்துவைக்கும்படி சாரம்மாள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் வருகிறோம். மீன் கொண்டுவருகிறேன், செதில் எடுத்தது.

வளன்